எட்டாம் கட்டத்தில் சுழி

திருச்சிராப்பள்ளியில் கடல் இல்லை. இது ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அரசாங்கத்துக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். எழுத்து மூலமாக யாரும் தெரிவிக்காததால் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடல்மீன்கள் தம் உடம்பின் நீர்க்கழிவை எவ்வாறு வெளியேற்றுகின்றன என்று ஆராய ஒரு நிலையம் தேவை என்று 1957-ஆம் வருஷம் முடிவாயிற்று. நாகப்பட்டினத்துக்காரர்கள் எங்கள் ஊரில் வையுங்கள் என்றார்கள். தூத்துக்குடிக்காரர்கள் தந்தி அடித்தார்கள். ராமேசுவரத்துக்காரர்கள் தூதுக்குழு அனுப்பினார்கள். யாருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாதென்று, தேசப்படத்தின் மேல் அடிக்கோலை வைத்துப் பார்த்து, மூவருக்கும் தூரமான திருச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். மதுரை ரோட்டில், எடமலைப்பட்டி புதூருக்குப் போகிற வழியில், ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ் மில் வாடகைக்குக் கிடைத்தது. வாசலில் பலகை தொங்கியது: ‘கடல்மீன் நீர்க்கழிவு ஆராய்ச்சி உபநிலையம்.’ நெல் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி ஒன்று உள்ளே இருந்தது. அதுவே கடல்.

நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் பீப்பாய்களில் மூன்று கொடுவா மீன்கள் அனுப்பப்பட்டன. வழியில் தஞ்சாவூரில் ஒன்று செத்தது. பொன்மலையில் ஒன்று செத்தது. மிச்சமிருந்த ஒன்று, முழங்கை நீளத்துக்கு, நெல் தொட்டிக்குள் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு மூலையில் நின்றுகொண்டது.

அதைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவன்தான் பெரியண்ணன். வயது இருபத்துநாலு. மண்ணச்சநல்லூரில் அவனுடைய தாய்மாமன் மருதைக்கு வள்ளிக்கண்ணு என்று ஒரு பெண் இருந்தாள். சர்க்கார் உத்தியோகம் என்றதும் மருதை வாயெல்லாம் பல்லாகத்தான் வந்தார். உத்தியோக உத்தரவை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்ததும் பல் மறைந்தது. ‘மேற்படி மீனின் ஆயுட்காலம் முடியும் வரையில், தற்காலிகமாக’ என்றிருந்தது.

“மாப்ளே, மீனு செத்தா உன் வேலையும் போயிருமா?”

“ஆமாங்க மாமா.”

“மீனுக்கு வயசு என்னா?”

“தெரியலீங்க.”

“மீன நம்பிப் பொண்ணக் குடுக்கச் சொல்றியா? நிரந்தரம்னு ஒரு காகிதம் கொண்டா. அன்னிக்கே தாலிக்குப் பொன்னுருக்கச் சொல்றேன்.”

அன்றிலிருந்து பெரியண்ணன் அந்த மீனை, பெற்ற தாய் பார்க்கமாட்டாள், அப்படிப் பார்த்துக்கொண்டான். உய்யக்கொண்டான் வாய்க்காலில் கெண்டைக்குஞ்சு அரித்துக்கொண்டுவந்து போடுவான். பதினைந்து நாளைக்கொருமுறை நாகப்பட்டினத்திலிருந்து பீப்பாய்களில் கடல் தண்ணீர் வரும். பழைய தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுவான். மீன் காலையில் வாயைத் திறந்தால் இவனுக்குச் சோறு இறங்கும்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் சடகோபன். ஸ்ரீரங்கத்துக்காரர். சீமையில் இரண்டு வருஷம் மீனின் சிறுநீரகத்தைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். படித்தது முழுக்கப் புஸ்தகத்தில். தொட்டியிலிருந்து பன்னிரண்டடி தூரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். தினமும் பத்து மணிக்கு வந்து, அந்தக் கோட்டில் நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்து, “ஸ்பெசிமன் சௌக்கியமா?” என்பார். “சௌக்கியமுங்க சார்” என்பான் பெரியண்ணன். அன்றைய ஆராய்ச்சி முடிந்தது.

மீதியைப் படிவம் பார்த்துக்கொண்டது. மீனுக்கென்று படிவம் அச்சாகியிருக்கவில்லை. கால்நடை இலாகாவின் பதினாலாம் நம்பர் படிவம் கட்டுக் கட்டாக உபரியாய்க் கிடந்ததால் அதையே அனுப்பிவிட்டார்கள். அதில் எட்டுக் கட்டங்கள். முதல் கட்டத்தில் பிராணியின் பெயர். இரண்டில் கொம்பின் நீளம். மூன்றில் நிறம். நாலில் சுழி இருக்கும் இடம். ஐந்திலும் ஆறிலும் காலைக் கறவை, மாலைக் கறவை. ஏழில் சாணம். எட்டில், இருபத்துநாலு மணி நேர மூத்திரம், அவுன்சில்.

ஹெட் கிளார்க் கிளமென்ட் சட்டம் தெரிந்தவர். பாலக்கரை மாதா கோயில் மணியைவிட ஒழுங்கானவர். முதல் நாளே பெரியண்ணனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

“கொம்பு இல்லைன்னா ‘இல்லை’ன்னு எழுதணும். காலியா விடக்கூடாது. கறவை இல்லைன்னா ‘வற்றிவிட்டது’ன்னு எழுது.”

“ஏழாம் கட்டங்க?”

“வலையில அரிச்சு எடுத்தியானா ‘சிறிது’ன்னு போடு. சாணம் நம்ம பொறுப்பு இல்ல, அதுக்கு வேற உபநிலையம் வரப்போவுது. எட்டாம் கட்டந்தான் நம்ம உயிர். அத ஒழுங்கா அளந்து போடு.”

பெரியண்ணன் ஒழுங்காகத்தான் அளந்தான். முதல் வாரம் முழுக்கக் கண்ணாடிக் குவளையோடு தொட்டிக்குள் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் மீனின் வாலுக்குப் பின்னால் நடந்தான். மீன் திரும்பினால் அவனும் திரும்பினான். குவளையில் ஒன்றும் விழவில்லை. கிளமென்டிடம் வந்து, “ஒண்ணும் வரலீங்களே” என்றான். “வராததுக்கு ஒரு நம்பர் இருக்கு. சுழி போடு” என்றார் அவர்.

அப்படியே போட்டான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து சுழிகள்.

அத்தனை சுழிகளையும் டாக்டர் சடகோபன் வரிசைப்படுத்தி, தலைப்பெழுதி, படம் வரைந்து (படத்தில் ஒரே நேர்கோடு), சென்னையில் ஒரு மகாநாட்டில் வாசித்தார். கடல்மீன் நீர்க்கழிவு விடுவதே இல்லை என்பது அவருடைய முடிவு. “நாம எல்லாரும் அந்த மத்ஸ்யத்துக்கிட்ட கத்துக்கணும். சாப்பிடறது, ஆனா சமுதாயத்துக்கு அசுத்தம் பண்றதில்லை. ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இதைவிட நல்ல பிரஜை கிடையாது” என்று அவர் முடித்தபோது மண்டபமே கைதட்டியதாம். பதினெட்டு பேர் இருந்தார்கள்.

கைதட்டியவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறார். அடுத்த மாதம் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது: மீன் கழிவு விடுவதில்லை என்று நிரூபணமாகிவிட்டபடியால், தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டிய அவசியமில்லை, நாகப்பட்டினத்துப் பீப்பாய்கள் இன்றுடன் நிறுத்தப்படுகின்றன.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் தொட்டியருகே போனால் கண் கரித்தது. மூன்றாம் வாரம் ஜட்கா ஸ்டாண்டில் நிற்பதுபோல் இருந்தது. மீன் அடியில் நில்லாமல் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. பெரியண்ணன் கிளமென்டிடம் ஓடினான்.

“அய்யா, தண்ணி நாறுதுங்க. மீனு தவிக்குதுங்க. நாலு கொடம் மாத்திக்கவா?”

“மாத்துனா, மாத்த வேண்டிய அவசியம் இருந்துச்சுன்னு ஆயிடும். டாக்டர் சாரோட பேப்பர் என்னாவறது? நாத்தத்துக்கு மனு எழுதிக் குடு, அனுப்பறேன்.”

மனு போயிற்று. தொட்டித் தண்ணீர் தூய்மையாயிருப்பதாக ஒரு சான்றிதழ் வாங்கினால் மனுவுக்குப் பதில் எழுதிவிடலாம் என்று டாக்டருக்குத் தோன்றியது. சென்னையிலிருந்து தண்ணீர் பரிசோதகர் குத்புதீன் வரவழைக்கப்பட்டார். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய், தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நாலு சொட்டு மருந்து விட்டார். தண்ணீர் கள்ளிச்சொட்டுக் காப்பி நிறத்துக்குப் போயிற்று.

“அம்மோனியா. நெறைய. இன்னும் பத்து நாள் விட்டா மீனு மௌத்தாயிடும்” என்றார்.

“அம்மோனியாவா? எங்கேந்து வந்தது?” என்றார் கோட்டில் நின்ற சடகோபன்.

“மீன்லேந்துதான் சார். மீனு அத மூத்திரத்துல விடறதில்ல, செவுள் வழியா விடுது. மூச்சு வாங்குற எடத்துலயே அதுவும் கரைஞ்சு தண்ணில போயிடும். கடல் உப்பு இதோட உடம்புத் தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதனால தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்கும், மூத்திரத்துல வீணாக்காது. குடிச்ச உப்பையும் பெரும்பாலும் செவுள் வழியாத்தான் தள்ளும். பின்னாடி கொவளைய வச்சா என்ன கெடைக்கும்? பெரிய கடல்ல இருந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும். இங்க அது விட்டதையே அது திரும்ப மோந்துக்கிட்டு நிக்குது.”

டாக்டர் சடகோபன் பொறுமையாகக் கேட்டார். பிறகு கிளமென்டைப் பார்த்தார். கிளமென்ட் உத்தரவுக் காகிதத்தைப் பிரித்தார்.

“மிஸ்டர் குத்புதீன், உங்க டெசிக்னேஷன் ‘தண்ணீர் பரிசோதகர்.’ தண்ணியில அம்மோனியா இருக்குன்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கு. மீனைப் பத்திச் சொல்ல இல்லீங்க.”

குத்புதீன் குழாயைக் கழுவி வைத்துவிட்டு, அம்மோனியா உண்டு என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் பெரியண்ணனிடம் தணிந்த குரலில், “தம்பி, இது கொடுவா. ஆறும் கடலும் இதுக்கு ஒண்ணுதான். மெதுவாப் பழக்குனா நல்ல தண்ணிலயும் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

ஆக, அம்மோனியா இருந்தது. அது மீனுடையது இல்லை. அப்படியானால் யாருடையது? இரண்டு நாள் ஆபீஸ் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தது. மூன்றாம் நாள் பெரியண்ணன் கையில் ஒரு காகிதம் வந்தது. ‘தொட்டியில் காணப்பட்ட அம்மோனியா உம்முடையதல்ல என்பதற்கு மூன்று தினங்களுக்குள் காரணம் காட்டுக.’

விசாரணையில் டாக்டர் சடகோபன் எழுந்து நின்று பேசினார்.

“நான் கோபத்துல பேசலை. சயன்ஸ் பேசறது. அந்த ரூம்ல ஜீவராசி ரெண்டு. ஒண்ணு மத்ஸ்யம். அது அசுத்தம் பண்ணாதுன்னு ஆயிரத்துத் தொண்ணூத்தஞ்சு நாள் இவனே கையெழுத்துப் போட்டு ஒப்புத்துண்டிருக்கான். பாக்கி யாரு? இவன். நான் கண்ணால பார்த்தேனான்னு கேக்கலாம். கண்ணால பார்க்கறதுக்கு ஆராய்ச்சி எதுக்கு? பார்க்காமலே தெரிஞ்சுக்கறதுக்குத்தானே நான் சீமைக்குப் போய்ப் படிச்சேன்?”

“நான் மனுசனுங்க சார். தொட்டியில போய் அப்படிப் பண்ணுவனா?” என்றான் பெரியண்ணன்.

“மனுஷன்னுதானே நானும் சொல்றேன்.”

முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? குற்றம் சாட்டப்பட்டவனால் அவ்வளவு அம்மோனியா விட இயலுமா என்று நிறுவ, இருபத்துநாலு மணி நேரம் அவனை ஆபீஸிலேயே உட்காரவைத்தார்கள். மண்பானை ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் கிளமென்ட் அளந்து, பதினாலாம் நம்பர் படிவத்தில் எழுதினார். கொம்பு: இல்லை. கறவை: வற்றிவிட்டது. எட்டாம் கட்டம்: நாற்பத்திரண்டு அவுன்ஸ். படிவம் சென்னைக்குப் போனது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக எட்டாம் கட்டத்தில் ஓர் எண் வந்திருப்பது குறித்து மேலிடம் திருப்தி தெரிவித்தது.

அடுத்த கட்டமாக, பெரியண்ணனைப் பணியிலிருந்து விலக்கி, தொட்டி அறைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். ஏழு நாள் கழித்துத் திறப்பது, தண்ணீரை மறுபடி பரிசோதிப்பது.

“ஏழு நாள் தீனி, அய்யா?” என்றான் பெரியண்ணன்.

“முத்திரையப் பிரிச்சுத் தீனி போட்டா விசாரணை கெட்டுரும்” என்றார் கிளமென்ட். அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்துக்கு விதி இல்லை.

அந்த மில்லுக்குப் பின்பக்கம், உமி தள்ளுகிற கதவு ஒன்று உண்டு. ஆபீஸிலிருந்த கட்டட வரைபடத்தில் அது இல்லை. வரைபடம் வேறொரு கட்டடத்தினுடையது. வரைபடத்தில் இல்லாத கதவுக்கு முத்திரை வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பெரியண்ணன் அதன் வழியே நுழைந்தான். மீன் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் பதறிக்கொண்டிருந்தது. அது செத்தால் வேலை போகும், வேலை போனால் வள்ளிக்கண்ணு போவாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மூன்று வருஷம் தன் கையிலிருந்து தின்ற பிராணி, தான் விட்ட மூச்சிலேயே மூச்சுமுட்டிக் கிடப்பதைப் பார்த்தபோது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொல்லி ஆபீஸைத் திட்டிவிட்டு, ஒரு தகர டிரம்மைக் கொண்டுவந்தான்.

தொட்டித் தண்ணீர் கொஞ்சம், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம், அரை மணிக்கு ஒரு செம்பாக உச்சிப்பொழுது வரை விட்டுப் பழக்கினான். மீன் நிமிர்ந்தது. தாஜுதீன் என்கிற ஜட்காக்காரர் அவனுக்குப் பழக்கம். டிரம்மை ஏற்றினார்கள். பாலக்கரை, மலைக்கோட்டைக் கடைவீதி ஓரம், காவிரிப் பாலம் என்று குதிரை போயிற்று. வழியெல்லாம் பெரியண்ணன் கதை சொல்லிக்கொண்டு வந்தான்.

“செவுள் வழியா விட்டா குத்தமா? யா அல்லா! இந்தச் சுறா இருக்கே தம்பி, கருவாட்டுக்கடைல சொல்லுவாங்க, அது மூத்திரத்த வெளிய விடாம உடம்புலயே வச்சுக்குமாம். அதான் செத்தா அந்த நாத்தம். ஒங்க ஆபீசு சுறா ஜாதிய்யா. ஒரு காகிதத்த வெளிய விடுதா பாரு!”

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி முனையில் வண்டியை ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். வாழை இலைக் கட்டும் கையுமாக டாக்டர் சடகோபன். பெரியண்ணனுக்கு உயிர் போயிற்று.

“நீ நம்ம ஆபீஸ் பையன்னா? சஸ்பென்ஷன்ல ஊர் சுத்தறியா? டிரம்ல என்ன?”

“மீ... மீனுங்க சார்.”

அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மூன்று வருஷம் அவர் ஆராய்ந்த மீன் அவரை அண்ணாந்து பார்த்தது.

“காவேரி மீனா?”

தாஜுதீன் முந்திக்கொண்டார். “ஆமாங்க சாமி. கொள்ளிடத்துக்குப் போவுது.”

“பார்த்தாலே தெரியறது, ஆத்து மீன்! சேறும் அசிங்கமும். கண்ணைப் பாரு, அதுல ஒரு கௌரவம் இருக்கா? நம்ம ஸ்பெசிமனைப் பார்த்தவாளுக்கு இதைப் பார்க்க மனசு வராது. கடல் மத்ஸ்யம்னா அதுக்கு ஒரு நிஷ்டை, ஒரு ஆசாரம்...” குதிரை காலை மாற்றி வைத்தது; அவர் விலகிக்கொண்டார். “சீக்கிரம் எடுத்துண்டு போ. நாறறது.”

கொள்ளிடத்தில் ஆடி வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் டிரம்மைச் சாய்த்தார்கள். கொடுவா ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வாலை ஒரு விசிறு விசிறியது. அவ்வளவுதான். கழிவு விடுவதற்கு இனி அதற்கு ஒரு ஆறு இருந்தது, ஆற்றுக்கப்பால் கடலும்.

மறுநாள் பெரியண்ணன் மறுபடியும் உமிக் கதவு வழியாகப் போனான். தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. நாளைக்கு இன்னொரு மீனைக் கொண்டுவந்து இந்த விஷத்தில் போட்டுவிட்டால்? அழுக்குத் தண்ணீர் முழுவதையும் இறைத்தான். தேங்காய்நார் போட்டுத் தேய்த்தான். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, காந்தி மார்க்கெட்டில் வாங்கிய கல்லுப்பு ஒரு மூட்டையைக் கரைத்தான். பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். மீன் இல்லையென்று தெரிந்த நிமிஷமே வேலை போய்விடும். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். மிச்சமிருந்த நாலு நாளும் யோசித்தான்.

ஏழாம் நாள், பெரியண்ணனையும் வரச்சொல்லி, முத்திரை உடைக்கப்பட்டது. சடகோபன் கோட்டில் நின்றார். சென்னையிலிருந்து மறுபடி வரவழைக்கப்பட்ட குத்புதீன் குழாயில் தண்ணீரை எடுத்தார். சொட்டு விட்டார். தண்ணீர் பளிங்குபோல் அப்படியே இருந்தது.

“அம்மோனியா இல்ல” என்றார்.

“பார்த்தேளா! பார்த்தேளா!” சடகோபன் குதித்தார், கோட்டைத் தாண்டாமல் குதித்தார். “இவன் இருந்தான், அம்மோனியா இருந்தது. இவன் இல்லை, அம்மோனியா இல்லை. இதைவிட நிரூபணம் உலகத்துல உண்டா?”

குத்புதீன் தொட்டிக்குள் நன்றாகக் குனிந்து பார்த்தார். நாலு மூலையும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய கண் பெரியண்ணனைத் தொட்டுவிட்டு நகர்ந்தது. கிளமென்டும் பார்த்தார். முகம் வெளுத்தது. படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். கொம்பு, நிறம், சுழி, கறவை, சாணம், மூத்திரம்.

“பிராணி இருக்கா, இல்லையான்னு எழுத இதுல கட்டம் இல்லியே” என்றார் தனக்குத்தானே.

“ஸ்பெசிமன் சௌக்கியமா?” என்று கோட்டிலிருந்து கேட்டார் சடகோபன்.

குத்புதீன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மீனப் பத்திச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க சார். தண்ணி சௌக்கியம்.”

தண்ணீரும் மீனும் சௌக்கியம் என்று அறிக்கையில் சடகோபன் கையெழுத்துப் போட்டார்; குற்றம் நிரூபணமாயிற்று. டிஸ்மிஸ் உத்தரவு எழுதச் சொன்னார் டாக்டர். கிளமென்ட் விதிப் புத்தகத்தோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

“முடியாது சார். இவன் உத்தரவு மீனோட ஆயுட்காலம் முடியற வரைக்கும். மீன் உயிரோட இருக்கறதா நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதனால வேலைய நிறுத்த முடியாது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்னா அது நிரந்தர ஊழியர்களுக்குத்தான். முதல்ல இவன நிரந்தரமாக்கணும். அப்புறம் நடவடிக்கை. அது சென்னை, டில்லி எல்லாம் போயிட்டு வரணும்.”

“எத்தனை நாளாகும்?”

“இதுக்கு முன்னாடி ஒரு கேஸு பதினோரு வருஷத்துல முடிஞ்சிருக்கு சார்.”

நிரந்தர உத்தரவு தை மாதம் வந்தது. அதன் பின்னால் முப்பத்தாறு பக்கக் குற்றப்பத்திரிகை தைக்கப்பட்டிருந்தது. மருதை முதல் பக்கத்தை மட்டும் படித்தார். “பாக்கியெல்லாம் என்னா மாப்ளே, இத்தன தடியா?” என்று கேட்டார். “ஆபீசுக் காகிதமுங்க மாமா” என்றான் பெரியண்ணன். வள்ளிக்கண்ணுவுக்கு மாசியில் கல்யாணம். டாக்டர் சடகோபன் கல்யாணத்துக்கு வரவில்லை. கழிவின்மையைப் பற்றிப் பேச டில்லி போயிருந்தார்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் பெரியண்ணன் வேலைக்கு வந்தான். தொட்டி அறையைப் பெருக்கினான். டில்லியிலிருந்து திரும்பியிருந்த சடகோபன் பத்து மணிக்குக் கோட்டிலிருந்து கேட்ட கேள்விக்கு, “சௌக்கியமுங்க சார்” என்றான். படிவத்தை எடுத்தான். கொம்பு: இல்லை. கறவை: வற்றிவிட்டது. எட்டாம் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டான். மூன்று வருஷமாக அவன் போட்டுவந்த சுழியை அன்றைக்கும் போட்டான். இப்போது அது உண்மையாக இருந்தது.